கண்காட்சிக் கையேடுகளும் தலைமறைவுப் பத்திரிகைகளும் – சேகரிப்பு வரலாறு பற்றிய சில குறிப்புகள்

வரலாற்று மாணவன் தன் ஆய்வுக்கு ஆதாரமாகக் கொள்ளும் மூலங்களைக் கல்வெட்டு, செப்பேடு, ஏட்டுச்சுவடி, அரச ஆவணம், செய்திப் பத்திரிகை என வகுத்துக் கூறுதல் மரபு. எமது விரிவுரை மண்டபங்களிலும் இவ்வரிசையே கற்பிக்கப்படுகின்றது. இவ்வரிசையின் கடைசியிலேனும் இடம்பெறாத இருவகைக் கடுதாசிகள் உள. ஒன்று, ஓவியக் கண்காட்சியின் வாயிலிலே வருவோர் கையிற் கொடுக்கப்படும் சிறு கையேடு. மற்றையது, அச்சகத்தின் பெயரோ ஆசிரியரின் பெயரோ இன்றி அச்சாகி, கைமாறிக் கைமாறிப் படிக்கப்படும் தலைமறைவுப் பத்திரிகை. முன்னையதை மூன்று நாள் கழிந்ததும் எவரும் தேடுவதில்லை. பின்னையதை மூன்று நாள் வீட்டில் வைத்திருக்கவே அஞ்சுவர். ஒன்று அலட்சியத்தால் அழிகின்றது. மற்றையது அச்சத்தால் அழிகின்றது. இவற்றைச் சேகரித்தோர் யாவர், சேகரிக்கப்படாது போனவற்றால் எமது அண்மைக்கால வரலாற்றுக்கு நேர்ந்தது யாது என்பனவற்றை நோக்குவதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

இலங்கையில் அச்சிடப்படும் நூல்களைப் பேணுவதற்குச் சட்டம் இல்லாமலில்லை. 1885 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க அச்சிடுவோர், வெளியிடுவோர் கட்டளைச் சட்டம் இந்நாட்டில் அச்சாகும் நூல்களின் பிரதிகளை அரசுக்கு ஒப்படைக்க வேண்டுமென விதித்தது. தேசிய சுவடிகள் திணைக்களத்திலே இன்று நாம் சென்று பார்வையிடும் பழந்தமிழ் அச்சு நூல்கள் பல இச்சட்டத்தின் பயனாய் எஞ்சியவையே. ஆயின் இச்சட்டம் அச்சகத்தாரின் ஒழுங்கையே நம்பி நிற்பது. நான்கு பக்கக் கண்காட்சிக் கையேட்டை ஒரு நூலெனக் கருதி அதனைத் திணைக்களத்துக்கு அனுப்பும் அச்சகத்தார் அரியர். தலைமறைவாக அச்சிட்டவன் தன் ஏட்டின் பிரதியை அரசுக்கு அனுப்பிவைப்பான் என எதிர்பார்த்தலோ நகைப்புக்குரியது. எனவே இவ்விருவகை ஏடுகளையும் பொறுத்தவரை, சேமிப்புப் பணி தனிமனிதர் சிலரின் விருப்பத்தையும் பிடிவாதத்தையும் அவர்தம் வீட்டாரின் பொறுமையையுமே சார்ந்திருந்து வந்துள்ளது.

இவ்விடத்து என் சொந்த வீட்டுச் செய்தியொன்றைக் கூறுதல் பொருந்தும். களுபோவிலவில் நாம் வசிக்கும் வீடு என் தாயாரின் பெற்றோர் வாழ்ந்த வீடு. பாட்டனார் ஒரு கந்தோரில் எழுதுவினைஞராயிருந்தவர். மாலை வேளைகளில் ஓவியக் கண்காட்சிகளுக்கும் கூட்டங்களுக்கும் செல்பவர். சென்ற இடங்களிற் கொடுக்கப்பட்ட கடுதாசி எதையும் எறியாதவர். அவற்றை ஒரு றங்குப் பெட்டியில் இட்டுவைத்தார். 1983 இன் வன்செயல்களுக்குப் பின்னர், கொழும்பிலும் சுற்றயலிலும் தமிழர் வீடுகள் சோதனையிடப்பட்ட காலத்தில், அவர் வேலைக்குச் சென்றிருந்த ஒருநாட் பகலில் பாட்டியார் அப்பெட்டியைத் திறந்தார். எவற்றைக் கொளுத்தினீர்கள் எனச் சென்ற ஆண்டு அவரிடம் வினவினேன். அவர் கூறியதை அவர் கூறியவாறே தருகின்றேன்: “எது என்ன எண்டு வாசிச்சுப் பாத்தே கொளுத்தினனான்? பெட்டிக்குள்ள கிடந்த கடுதாசி எல்லாத்தையும் அள்ளிக் கிணத்தடியில வைச்சுக் கொளுத்தினன். படம் போட்ட இங்கிலிஷ் புத்தகம் மூண்டு கிடந்தது. அதால ஒருத்தருக்கும் கரைச்சல் வராதெண்டு விட்டிட்டன்.”

அம்மூன்றும் கொழும்பு லயனல் வென்ட் கலையரங்கில் நடந்த ஓவியக் கண்காட்சிகளின் கையேடுகள். அவை இன்று என் மேசையில் உள்ளன. ஏனையவற்றின் பெயர்தானும் எமக்குத் தெரியாது. பாட்டியாரைக் குறை கூறுவதற்காக இதனை எழுதவில்லை. 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் நடைமுறையிலிருந்த காலத்தில் ஒரு துண்டுப் பிரசுரம் ஒரு குடும்பத்துக்கு எத்தகைய துன்பத்தைக் கொணரக்கூடியதாயிருந்தது என்பதை அன்று வாழ்ந்தோர் அறிவர். நான் இங்கு மனங்கொள்வது வேறொன்று. அப்பெட்டியில் எது எஞ்சுவது, எது எரிவது என்பதைத் தீர்மானித்தது அக்கடுதாசிகளின் பெறுமதியன்று, அச்சமே. எமது நூலகங்களிலும் சுவடிக் காப்பகங்களிலும் உள்ளவற்றை வைத்து நாம் எழுதும் வரலாறும் ஒருவகையில் இவ்வாறு எஞ்சிய மூன்று கையேடுகளை வைத்து எழுதும் வரலாறுதான் என்ற ஐயம் அன்றுமுதல் எனக்கு உண்டு.

முதலில் எஞ்சிய வகையை நோக்குவோம். கண்காட்சிக் கையேடு ஐரோப்பாவிலே நெடிய வரலாறுடையது. பாரிசின் அரச கலைக்கழகக் கண்காட்சிக்கு 1673 இலேயே பட்டியல் அச்சிடப்பட்டது. பதினெட்டாம் நூற்றாண்டில் கப்ரியேல் த செந்-ஓபேன் என்னும் ஓவியர் இத்தகைய பட்டியல்களின் ஓரங்களிலே, தாம் கண்ட ஓவியங்களைச் சிறு சிறு கோட்டுருவங்களாக வரைந்து வைத்தார். அவ்வோவியங்கள் சில பின்னர் காணாமற் போயின. அவை எவ்வாறிருந்தன என்பதை இன்று கலை வரலாற்றாசிரியர் அறிவது அவ்வோரக் கிறுக்கல்களாலேயே. பார்வையாளன் ஒருவன் பென்சிலாற் செய்த குறிப்பு, மூல ஓவியமே அழிந்தபின் சான்றாக நிற்கின்றது.

எமது நாட்டிலே இத்துறையில் முதன்மையான உதாரணம் ‘43 குழு’ ஆகும். 1943 ஆகஸ்ட் 29 ஆந் திகதி கொழும்பில் லயனல் வென்ட் இல்லத்திற் கூடிய ஓவியர் அக்குழுவை அமைத்தனர். அவ்வாண்டு நவம்பரிலேயே முதற் கண்காட்சி நடந்தது. ஜோர்ஜ் கீற், ஐவன் பீரிஸ், ஜஸ்ரின் தரணியகல, ஹரி பீரிஸ், மஞ்சுசிறி, றிச்சர்ட் கப்ரியேல் முதலானோர் அதன் அங்கத்தினர். இவர்தம் ஓவியங்கள் 1952 இல் இலண்டனிலும் 1953 இல் பாரிசின் பெற்றி பலே மண்டபத்திலும் 1956 இல் வெனிஸ் நகரின் ஈராண்டுக் கண்காட்சியிலும் வைக்கப்பட்டன. இவ்வரலாற்றைத் தடையின்றி எழுத முடிவதற்குக் காரணம், அக்குழுவின் முதற் செயலாளரான ஹரி பீரிஸ் கொழும்பு பான்ஸ் பிளேசிலுள்ள தம் இல்லத்தையே 1974 இல் சப்புமல் மன்றமாக ஆக்கி, குழுவினரின் ஓவியங்களையும் கலை நூல்களையும் அங்கு பேணியமையாகும். நெவில் வீரரத்தின 1993 இல் வெளியிட்ட பெருநூல் குழுவின் ஐம்பதாண்டு வரலாற்றை நிரைப்படுத்தியது. இதற்கு மாறான நிகழ்ச்சியும் அக்குழுவின் நடுவிலேயே உண்டு. 1944 டிசம்பரில் லயனல் வென்ட் மறைந்தபின் அவருடைய நிழற்பட மூலத் தகடுகள் அழிக்கப்பட்டுவிட்டன. குழுவைக் கூட்டியவரின் சொந்தக் கலைக்கே இக்கதி நேர்ந்ததாயின், ஏனையோரைப் பற்றிக் கூறவேண்டியதில்லை.

குழுவின் தொடக்க அங்கத்தினர் பட்டியலில் எஸ். ஆர். கனகசபை என்னும் பெயர் காணப்படுகின்றது. இவர் 1938 இல் யாழ்ப்பாணத்தில் ‘வின்சர் ஆர்ட் கிளப்’ என்னும் ஓவியர் கழகத்தை நிறுவியவர். சித்திரக் கல்விப் பரிசோதகராயிருந்த சி. எவ். வின்சரின் பெயரால் அமைந்த அக்கழகம் 43 குழுவுக்கு ஐந்தாண்டு முற்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது. ஆயினும் கலை வரலாறு கற்கும் மாணவன் ஒருவனிடம் இவ்விரண்டையும் பற்றிக் கேட்டுப் பாருங்கள். ஒன்றைப் பற்றி அவன் பத்துப் பக்கம் எழுதுவான். மற்றையதைப் பற்றி ஒரு பந்தி எழுதவும் இடர்ப்படுவான். இரு கழகங்களின் கலைத்தரத்திலும் உள்ள வேறுபாட்டை மட்டும் இதற்குக் காரணமாகக் காட்ட நான் உடன்படேன். ஒன்றின் கடுதாசிகளுக்கு ஒரு வீடு கிடைத்தது. மற்றையதற்குக் கிடைக்கவில்லை.

இக்குறையை உணர்ந்து செயற்பட்டோரும் இருந்தனர். யாழ்ப்பாணத்தில் பல தலைமுறை மாணவருக்கு ஓவியம் கற்பித்த அ. மாற்கு அவர்களைப் பற்றி 1987 இல் ‘தேடலும் படைப்புலகமும்’ என்னும் மலர் வெளியாயிற்று. குண்டு வீச்சுகளுக்கும் ஊரடங்குச் சட்டத்துக்குமிடையே ஓர் ஓவியனுக்கென ஒரு தொகுப்பு நூலை அச்சேற்றுதல் வீண் செயலென அன்று சிலருக்குத் தோன்றியிருக்கலாம். பின்னைய இடப்பெயர்வுகளில் யாழ்ப்பாண வீடுகளிலிருந்த ஓவியங்கள் எத்தனையோ இழக்கப்பட்டதை எண்ணும்போது அம்மலரின் பெறுமதி விளங்கும்.

இனித் தலைமறைவுப் பத்திரிகையை நோக்குவோம். ‘அண்டர்கிரவுண்ட் பிரஸ்’ என்ற தொடரைக் கேட்டதும் மேனாட்டு மாணவனின் மனத்தில் எழுவது 1960களின் மாற்றுப் பண்பாட்டு ஏடுகளாகும். இலண்டனில் 1966 அக்டோபரிற் தொடங்கிய ‘இன்ரநாஷனல் ரைம்ஸ்’, சிட்னியிற் பிறந்து 1967 இல் இலண்டனுக்குக் குடிபெயர்ந்த ‘ஓஸ்’, அமெரிக்காவின் ‘பேர்க்லி பார்ப்’ முதலியன அவை. வியட்நாம் யுத்த எதிர்ப்பும் புதிய இசையும் விபரீதமான வண்ணங்களும் அவற்றிற் கலந்திருந்தன. ‘ஓஸ்’ ஆசிரியர்கள் 1971 இல் ஆபாசக் குற்றத்தின்பேரில் நீதிமன்றில் நிறுத்தப்பட்டுத் தண்டிக்கப்பட்டனர். மேன்முறையீட்டில் அத்தண்டனை நீக்கப்பட்டது. இன்று அவ்வேடுகள் கலைப்பொருள்களாகக் கருதப்பட்டு, கண்காட்சிக் கையேடுகளோடு ஒருங்குவைத்துச் சேகரிக்கப்படுகின்றன. மார்ட்டின் ஷார்ப் போன்ற ஓவியர் அவற்றின் பக்கங்களை அமைத்தமையால் இச்சேர்க்கை பொருத்தமானதே. தமிழிலும் இதற்கு இணை கூறலாம். சென்னையில் 1970 இல் வெளிவரத் தொடங்கிய ‘கசடதபற’ சிற்றிதழின் அட்டைகளில் கே. எம். ஆதிமூலத்தின் கோடுகள் இடம்பெற்றன. நவீன ஓவியத்தைக் காட்சிச் சாலையிற் காணும் வாய்ப்பில்லாத தமிழ் வாசகன் அதனை முதலிற் கண்டது இத்தகைய அட்டைகளிலேயே. சில நூறு பிரதிகள் அச்சான ஒரு சிற்றிதழ் அவ்வகையில் ஒரு கண்காட்சிக் கையேட்டின் தொழிலையும் செய்தது. 1975 இல் யாழ்ப்பாணத்தில் அ. யேசுராசா முதலியோர் தொடங்கிய ‘அலை’யையும் இவ்வரிசையில் வைத்து நோக்குதல் தகும்.

ஆயினும் ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. மேனாட்டின் ‘அண்டர்கிரவுண்ட்’ ஏடுகளிற் பெரும்பாலானவை தெருமுனைகளிற் பகலிலே கூவி விற்கப்பட்டவை. அவற்றின் பெயரிலிருந்த நிலவறை பெரும்பாலும் ஓர் உருவகமே. எமது நாட்டில் அது உருவகமன்று. 1940 இல் லங்கா சமசமாஜக் கட்சியின் தலைவர்கள் கைதுசெய்யப்பட்டதும் அக்கட்சி தலைமறைவாக இயங்கத் தொடங்கியது. ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கிய 1942 ஏப்ரல் 5 ஆந் திகதிக்கு இரு நாட்களின் பின் என். எம். பெரேரா, பிலிப் குணவர்த்தன, கொல்வின் ஆர். டி சில்வா, எட்மண்ட் சமரக்கொடி ஆகியோர் கண்டிச் சிறையினின்று தப்பினர். 43 குழு அமைவதற்கு ஓராண்டும் சில மாதங்களும் முன்னர் நிகழ்ந்தது இது. ஒரே போர்க்காலத்துக் கொழும்பிலே ஒருபுறம் ஓவியர் தம் கையேட்டை அச்சிட்டனர். மறுபுறம் தேடப்படுவோர் தம் அறிக்கைகளை மறைவிற் பரப்பினர். இவ்விரண்டையும் ஒரே பெட்டியில் இட்டுவைத்த கொழும்புவாசி எவரேனும் இருந்திருப்பின் அப்பெட்டி இன்று ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஒப்பாகும்.

1980களுக்கு வருகையில் விலை இன்னும் உயர்கின்றது. ‘புதிய பாதை’ ஏட்டின் ஆசிரியராயிருந்த சுந்தரம், 1982 ஜனவரி 2 ஆந் திகதி யாழ்ப்பாணத்தில் அச்சகமொன்றில் இருந்தவேளை விடுதலைப் புலிகளாற் சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்வேடு அரசுக்கு அஞ்சி மறைவில் நடத்தப்பட்டது. அதனை அச்சிடச் சென்றவரைக் கொன்றவரோ அரசினர் அல்லர். ‘தோழி’ என்னும் பெண்கள் சஞ்சிகையை நடத்திய கவிஞர் செல்வி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவியாயிருக்கையில் 1991 இல் அதே இயக்கத்தினராற் கடத்தப்பட்டார், மீண்டு வரவில்லை. வெளிப்படையாக, உரிய பதிவுடன் வெளியான பத்திரிகைகளுக்கும் நன்மை விளையவில்லை. 1982 ஜனவரியில் யாழ்ப்பாணத்திற் தொடங்கிய ‘சற்றடே றிவியூ’ ஆங்கில வாரப் பத்திரிகையின் அலுவலகம் 1983 ஜூலை 1 ஆந் திகதி அரசினால் முத்திரையிடப்பட்டது. 1981 ஜூன் முதலாந் திகதியன்று யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்தமையை இங்கு விரித்தல் வேண்டா. அதே வேளையில் ‘ஈழநாடு’ பத்திரிகை அலுவலகமும் எரிக்கப்பட்டது என்பதை மட்டும் நினைவூட்டலாம். நூலகத்தின் பெருந்தீயைப் பற்றி நாம் பேசுகின்றோம், பேச வேண்டியதே. கிணற்றடிகளிலும் அடுப்படிகளிலும் எரிந்த சிறு தீக்களுக்குக் கணக்கில்லை. அவை ஒரு தரப்புக்கு அஞ்சி மட்டும் மூட்டப்பட்டவையும் அல்ல.

இத்தகைய காலத்திற் சேகரித்தல் எவ்வாறு இயலும்? இதற்கு விடை கூறும் மிகச் சிறந்த உதாரணம் பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்திலிருந்து கிடைக்கின்றது. ஜோர்ஜ் தோமசன் என்னும் இலண்டன் புத்தக வியாபாரி 1640 முதல் 1661 வரை, உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருக்கையிலேயே, இரு தரப்பினரும் வெளியிட்ட துண்டுப் பிரசுரங்களையும் செய்தித் தாள்களையும் வாங்கிச் சேர்த்தார். அவை ஏறத்தாழ 22,000. படைகள் நெருங்கிய போதெல்லாம் அவற்றை இடம் மாற்றி மறைத்தார். 1762 இல் மூன்றாம் ஜோர்ஜ் மன்னன் அவற்றை வாங்கிப் பிரித்தானிய நூதனசாலைக்கு அளித்தான். தோமசனின் பெருஞ் சேவை சேர்த்தமையில் மட்டும் தங்கியிருக்கவில்லை. பெரும்பாலான ஏடுகளில், அது தம் கைக்கு வந்த நாளை அவர் மையினால் எழுதிவைத்தார். திகதியற்ற ஏடுகள் அதனாலேயே இன்று நாள்வாரியாக நிரைப்படுத்தப்படுகின்றன. எமது தலைமறைவு ஏடுகளைக் கையாண்டவர் இதன் அருமையை உணர்வர். றோணியோவில் எடுக்கப்பட்ட தாளில் ஆண்டு இராது, ஊர் இராது, இருப்பின் அது பொய்யாகவும் இருக்கும். ஏட்டினுள்ளே பேசப்படும் நிகழ்ச்சியையும் தாளின் தரத்தையும் கொண்டே காலத்தை ஊகிக்க வேண்டியுள்ளது.

தமிழகத்தில் கோட்டையூர் ரோஜா முத்தையா இவ்வகைச் சேகரிப்பாளருள் தலைசிறந்தவர். விளம்பரப் பலகை எழுதும் ஓவியராகச் சென்னைக்கு வந்தவர், மூர் மார்க்கற்றின் பழைய புத்தகக் கடைகளில் அலைந்து, நூல்களோடு நாடக விளம்பரங்களையும் அழைப்பிதழ்களையும் விட்டுவையாது சேர்த்தார். கல்விமான்கள் குப்பையென ஒதுக்கியவற்றை ஒரு பலகை ஓவியர் மூலமென அறிந்தார் என்பது சிந்திக்கத்தக்கது. 1992 இல் அவர் மறைந்தபின் சிக்காகோப் பல்கலைக்கழகம் அச்சேகரிப்பை வாங்கியது. ஆயினும் அது சென்னையிலேயே 1994 முதல் அவர் பெயரால் ஆய்வு நூலகமாக இயங்கி வருகின்றது. எம் நாட்டிற் குரும்பசிட்டி இரா. கனகரத்தினம் செய்தித்தாள் நறுக்குகளையும் நுண்படச் சுருள்களையும் சேர்த்தலையே வாழ்நாட் பணியாகக் கொண்டார். 2005 இற் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகமும் ஈழத்துச் சஞ்சிகைகள், துண்டுப் பிரசுரங்கள், விழா மலர்கள் ஆகியவற்றைப் படியெடுத்து எவரும் வாசிக்கத் தந்துள்ளது. இக்கட்டுரைக்கெனச் சில இதழ்களை நான் நள்ளிரவில் என் அறையிலிருந்தே வாசித்தேன். பாட்டனார் அவற்றைச் சட்டைக்குள் மறைத்துக் கொணர்ந்திருப்பார்.

எல்லாவற்றையும் படியெடுத்து எல்லோருக்கும் காட்டல் நன்றோ என்னும் வினாவும் உண்டு. தலைமறைவு ஏட்டில் உயிருடனிருப்போர் பெயர்கள் வரும். ஒருவரைத் துரோகியென இகழும் வரிகள் வரும். கையெழுத்துப் பிரதியாயின் எழுதியவரின் கையே அடையாளமாகும். கண்காட்சிக் கையேட்டில் இத்தகைய தொல்லை இல்லை. ஏட்டை உடனே பேணுதல் வேறு, உடனே வெளியிடுதல் வேறு என்பதே என் கருத்து. இதனை மறுப்போர் எம் பீடத்திலேயே உளர்.

வெள்ளவத்தையிலும் தெகிவளையிலும் இப்பொழுதும் போத்தல்-பேப்பர்காரர் வருவர். மருதானையின் பழைய புத்தகக் கடைகளில் நிறுத்து வாங்கிய கட்டுகள் அவிழ்க்கப்படாது கிடக்கும். காலிமுகத் திடலிற் கடலைச் சுருளாக ஒருமுறை என் கைக்கு வந்தது யாரோ ஒரு மாணவனின் வினாத்தாள் விடை. அச்சுருள்களுள் எத்தனை கையேடுகள் போயினவோ! கடற்காற்றுக்கும் கறையானுக்கும் தப்புவன பிறகு இவர்களுக்குத் தப்ப வேண்டும்.

என்னிடமுள்ள மூன்று கையேடுகளிலும் ஓவியங்களின் பெயர், ஊடகம், விலை ஆகியன நிரலாக உள. சில இலக்கங்களின் அருகே பாட்டனார் பென்சிலாற் புள்ளடியிட்டுள்ளார். அவை அவர் விரும்பியவையா, விற்பனையானவையா என அறிய வழியில்லை. பாட்டியாரிடமிருந்து எரிந்தவற்றைப் பற்றி நான் கேட்டுக் குறித்துக்கொண்டவை இவை: ஒன்றின் தலைப்புச் சிவப்பு எழுத்தில் இருந்தது, இரண்டு மூன்று, மை கையிற் படியும் றோணியோத் தாள்கள், ஒன்று எட்டாக மடித்த பெரிய தாள், அதிற் சிறைக்கம்பியும் ஒரு கையும் வரைந்திருந்தது. கம்பியைப் பிடித்த கையா, வெளியே நீட்டிய கையா என்று கேட்டேன். அது நினைவில்லை என்றார்.